1-3ல் இருந்து 4-3: ஹாக்கி கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, 2023-ல் சென்னை எழும்பூரில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதிப் போட்டியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. ஹாக்கியை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்பவர்களிடம் இந்தக் கடிதக் கட்டைக் காட்ட வேண்டும். இந்த இதழ் முழுக்க ஹாக்கிதான்.

அந்த இறுதிப் போட்டியை நான் பார்க்கவில்லை. பாதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா எப்படி ஜெயித்தது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன். (தஞ்சாவூர் வாசகர்)

ஆசையாகச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை இரவு, மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அன்றைக்கு யாரும் பயத்தோடு உள்ளே வரவில்லை. லீக் சுற்றில் சீனாவை 7-2, மலேசியாவை 5-0, தென்கொரியாவை 3-2, பாகிஸ்தானை 4-0 என்று ஜெயித்திருந்தோம். ஜப்பானோடு மட்டும் 1-1 டிரா. அந்த ஜப்பானையும் அரையிறுதியில் 5-0 என்று அடித்தாகிவிட்டது. இறுதிப் போட்டியில் எதிரில் நின்றது மலேசியா. ஆறு நாளுக்கு முன்னால் ஐந்து கோல் வாங்கிய அணி. அதனால் கேலரியில் எல்லோரும் எத்தனை கோல் வித்தியாசம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

9-வது நிமிடத்தில் ஜுக்ராஜ் சிங் பெனால்டி கார்னரில் (அது என்ன என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்) கோல் போட்டார், நினைத்தபடியே போகிறது என்று இருந்தது. 14-வது நிமிடத்தில் அஸ்ராய் அபு கமால் சமன் செய்தார். 18-ல் ராஸி ரஹீம், 28-ல் அமினுதீன். இரண்டும் பெனால்டி கார்னர். பாதி ஆட்டம் முடியும்போது 1-3. அந்தப் பத்து நிமிட இடைவேளையில் ஸ்டேடியம் இருந்த நிலையை எப்படிச் சொல்வது, ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் பக்கத்து வரிசையில் ஒருவர் சமோசா பேப்பரைக் கசக்கிய சத்தம் தனியாகக் கேட்டது. எனக்கு முன்னால் இருந்த சின்னப் பையன் கன்னத்தில் வரைந்திருந்த மூவர்ணக் கொடி வியர்வையில் கரைந்து கழுத்து வரைக்கும் வழிந்திருந்தது, அவன் அப்பா அதைத் துடைத்துவிடக்கூட மறந்து ஸ்கோர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கால் பகுதியும் கிட்டத்தட்ட முடியப் போகிறது, இன்னும் 1-3தான். 45-வது நிமிடம். இந்தியாவுக்கு ஒரு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைத்தது, அதாவது கோல்கீப்பர் மட்டும் எதிரில் நிற்க ஒருவர் அடிப்பது. கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் அடித்தார், 2-3. கேலரி எழுந்து நின்று கத்தியது, கத்தி முடித்து உட்காரவில்லை, நடுக் கோட்டில் இருந்து ஆட்டம் திரும்பத் தொடங்கிய சில நொடிகளில் பந்து மறுபடி மலேசியாவின் கோலுக்கு முன்னால் இருக்கிற டி-க்குள் இருந்தது, குர்ஜந்த் சிங் அடித்தார், 3-3. அதே 45-வது நிமிடம். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு கோல். பலருக்கு இரண்டாவது கோல் விழுந்ததே தெரியாது, முதல் கோலுக்காகப் பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்தது 4-3. மீதி நான்கு நிமிடம் யாரும் உட்காரவில்லை.

எப்படி ஜெயித்தது என்று கேட்டீர்கள். என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு கோல் பின்தங்கிய அணி வழக்கமாகச் செய்வது, பதற்றத்தில் பின்னால் இருந்து நீளமாகப் பந்தைத் தூக்கி முன்னால் போடுவது. அன்று அது நடக்கவில்லை. கோல் வரவில்லை, நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, ஆனாலும் சின்னச் சின்ன பாஸாகத்தான் உள்ளே போனார்கள். அந்தப் பொறுமைதான் ஜெயித்தது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

டிவியில் ஹாக்கி பார்க்கும்போது திடீரென்று நான்கைந்து பேர் முகமூடி மாட்டிக்கொண்டு கோலுக்குள் போய் நிற்கிறார்கள். வீட்டில் யாரைக் கேட்டாலும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. (திண்டுக்கல் வாசகி)

அதுதான் பெனால்டி கார்னர். ஹாக்கியில் இது ஒன்று புரிந்துவிட்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி.

கோலுக்கு முன்னால் அரைவட்டமாக ஒரு கோடு இருக்கிறதல்லவா, அதைத்தான் எல்லோரும் டி என்பார்கள். அதற்குள் இருந்து அடித்தால்தான் கோல். அந்த டி-க்குள் தடுப்பவர் தவறு செய்தால் எதிரணிக்குப் பெனால்டி கார்னர். தடுக்க கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான், அவர்கள் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும், மீதிப் பேர் நடுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அடிக்கிற அணியில் ஒருவர் கோல் கம்பத்தில் இருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின் கோட்டில் பந்தை வைத்து வெளியே தள்ளுவார். மற்றவர்கள் டி-க்கு வெளியே காத்திருப்பார்கள். பந்து டி-யை விட்டு ஒருமுறை வெளியே போன பிறகுதான் கோலுக்கு அடிக்கலாம்.

இப்போது கவனியுங்கள். பந்து தள்ளப்பட்ட அதே கணம் கோலுக்குள் நிற்பவர்களில் ஒருவர் அடிக்கப் போகிறவரை நோக்கி நேராக ஓடி வருவார். வருகிற பந்தை ஒருவர் ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்து நிறுத்துவார். அடுத்தவர் பந்தை ஸ்டிக்கின் அடிப்பகுதியில் ஒட்ட வைத்தபடி தரையோடு இழுத்துக்கொண்டு வந்து, உடம்பை முறுக்கி, கவண்கல் மாதிரி விடுவார். இதற்கு டிராக் ஃபிளிக் என்று பெயர். ஓங்கி அடித்தால் அந்த முதல் அடி 46 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் கோலுக்குள் போகக் கூடாது, அதாவது கோலுக்குள் இருக்கிற பலகையின் உயரம். ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, மேல் மூலைக்கும் போகலாம். அதனால்தான் எல்லா அணியும் ஃபிளிக் போடுபவரைத் தேடுகிறது. பந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும். அதற்கு எதிராக ஓடி வருகிற மனிதருக்கு முகமூடி வேண்டாமா? எனக்கு இந்த விளையாட்டிலேயே மரியாதை அதிகம் அவர் மேல்தான், பந்தைத் தொடையில் வாங்கிக்கொண்டு மறுபடி எழுந்து அதே இடத்தில் நிற்பார், அவர் பெயர் ஸ்கோர் போர்டில் வராது.

சென்னையில் ஹர்மன்பிரீத் மொத்தம் ஒன்பது கோல் அடித்து முதலிடத்தில் இருந்தார். பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான்.

ஹாக்கி நம் தேசிய விளையாட்டா, இல்லையா? (விருதுநகர் மாணவர்)

இல்லை. எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய அரசே 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் கொடுத்துவிட்டது. தேர்வில் கேட்டால் இதை எழுதுங்கள்.

எங்கள் பக்கம் குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறோம். ஹாக்கி மைதானத்தில் ஆட்டத்துக்கு முன்னால் குழாய் வைத்துப் பீய்ச்சி அடிக்கிறார்கள், இடைவேளையிலும் அடிக்கிறார்கள். மனசாட்சி வேண்டாமா? (ராமநாதபுரம் வாசகர்)

உங்கள் கோபம் நியாயமானது. முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய ஹாக்கி புல்லில் ஆடுவதில்லை, செயற்கை இழையால் ஆன டர்ஃபில் ஆடுகிறார்கள். காய்ந்த டர்ஃபில் பந்து இழுக்கும், வேகம் குறையும், துள்ளும். வீரர் சறுக்கி விழுந்தால் முழங்கால் தோல் உரிந்துவிடும். தண்ணீர் இருந்தால் பந்து வழுக்கிக்கொண்டு ஒரே சீராக ஓடும். நம் வெயிலில் தரையின் சூடும் அடங்கும்.

இந்த டர்ஃபுக்கும் நமக்கும் ஒரு பழைய கசப்பு உண்டு. ஒலிம்பிக்கில் முதன்முதலாக 1976-ல், மான்ட்ரியலில் செயற்கைத் தரையில் ஹாக்கி நடந்தது. அதற்கு முந்தைய வருஷம் உலகக் கோப்பையை ஜெயித்த இந்தியா அங்கே ஏழாவது இடம். புல்லில் பந்தை ஸ்டிக்கோடு ஒட்ட வைத்து ஏமாற்றி ஓடுவது நம் வித்தை, டர்ஃபில் வேகமும் உடல் பலமும் முன்னால் வந்தன, நம்மிடம் பழகுவதற்கு அந்தத் தரையே இல்லை. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இது பெரிய காரணம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பே தண்ணீர் தேவைப்படாத டர்ஃபுக்கு மாற வேண்டும் என்று சில வருஷங்களாகச் சொல்லி வருகிறது. 2023 போட்டிக்கு எழும்பூரில் புதிதாகப் போட்டது பாரிஸ் ஒலிம்பிக்குக்காக உருவாக்கிய வகை, பழையதைவிடக் குறைவான தண்ணீர் போதும் என்று சொல்லப்படுவது. நம் மாதிரி வறண்ட ஊர்களில் இனி போடுகிற மைதானங்களாவது தண்ணீரே கேட்காத வகையாக இருக்க வேண்டும், பயிற்சி மைதானங்களுக்கு இது கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. ராமநாதபுரத்துப் பையன் ஹாக்கி ஆடுவதற்கும் அது ஒன்றுதான் வழி.

நான் மலேசியத் தமிழன். இறுதிப் போட்டி அன்று எந்தப் பக்கம் கை தட்டுவது என்று தெரியாமல் தவித்தேன். எங்கள் அணியைப் பற்றியும் நான்கு வார்த்தை எழுதுங்கள் ஐயா. (ஈப்போ வாசகர்)

ஐயா, நான்கு வார்த்தை போதாது. அன்று தோற்ற அணிக்குப் பயிற்சியாளர் யார்? அருள் செல்வராஜ். எழும்பூரில் எதிரணி பெஞ்சில் ஒரு தமிழ்ப் பெயர். உங்கள் அணி லீக் சுற்றில் இந்தியாவிடம் மட்டும்தான் தோற்றது. பாகிஸ்தானை 3-1, ஜப்பானை 3-1, சீனாவை 5-1, கொரியாவை 1-0 என்று ஜெயித்து, அரையிறுதியில் அதே கொரியாவுக்கு ஆறு கோல் போட்டுத்தான் இறுதிக்கு வந்தது. அவர்கள் 3-1 என்று முன்னால் நின்றது தற்செயல் கிடையாது.

இதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது, ஈப்போக்காரர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நம் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1975 உலகக் கோப்பை கோலாலம்பூரில் நடந்தது. இந்தியா இதுவரை ஜெயித்த ஒரே உலகக் கோப்பை அதுதான். இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்ததை எல்லோரும் பேசுவார்கள். ஆனால் அதற்கு முந்தைய அரையிறுதியில் மலேசியாவிடம் தோற்க வேண்டியது! ஸ்ரீ ஷண்முகநாதன், மகேந்திரன் என்று தமிழ்ப் பெயர்கள் ஆடிய மலேசிய அணி 2-1 என்று முன்னால் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த அஸ்லம் ஷேர் கான் கழுத்தில் இருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு ஒரு பெனால்டி கார்னரை அடித்தார், கோல். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்து 3-2. அந்த இந்திய அணியிலும் நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார், வி.ஜே. பிலிப்ஸ். ஆக 1975-லும் 2023-லும் மலேசியா முன்னால் இருந்து இந்தியா எட்டிப் பிடித்தது. உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. இரண்டு பக்கமும் கை தட்டுங்கள், 1983-ல் தொடங்கி, பல வருஷமாக உங்கள் ஊரில் நடக்கிற சுல்தான் அஸ்லான் ஷா கோப்பையில் ரசிகர்கள் அதைத்தானே செய்கிறார்கள்.

கார்த்தி செல்வம் எங்கள் ஊர் விடுதியில் வளர்ந்த பையன். அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதாதது வருத்தம். (கோவில்பட்டி வாசகர்)

மன்னியுங்கள், என் தவறுதான். அரியலூர்ப் பையன், கோவில்பட்டியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதியில் பயிற்சி எடுத்தவர். 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை, முதல் சர்வதேசப் போட்டி, அதுவும் பாகிஸ்தானுக்கு எதிராக, அதிலேயே கோல் போட்டார். உங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும் அந்த அணியில் இருந்தார்.

சென்னையில் மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் 15-வது நிமிடத்தில் முதல் கோல் கார்த்தியுடையதுதான். அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக ஐந்தாவது கோலும் அவருடையது. அந்த அரையிறுதி கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு 300-வது சர்வதேச ஆட்டம், அதனால் மறுநாள் எல்லோரும் அவரைப் பற்றியே பேசினார்கள். ஆனால் மைதானத்தில் அன்றைக்குக் கேட்ட பெரிய சத்தம் கார்த்தியின் கோலுக்குத்தான். தமிழ்நாட்டில் நடக்கிற சர்வதேசப் போட்டியில் தமிழ்நாட்டுப் பையன் கோல் போடுவதைப் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தோம்! 2007-ல் ஆசியக் கோப்பை நடந்த பிறகு பதினாறு வருஷம் எழும்பூருக்கு இப்படி ஒரு போட்டியே வரவில்லை.

கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் கோப்பைக்குக் கூட்டம் கூடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஊரில் ஹாக்கி என்பது பள்ளிக்கூடத்தோடு முடிகிற விஷயம் கிடையாது. மேலும் இரண்டு ஊரில் இது நடந்தால் போதும், இந்திய அணிக்கு நம் பையன்கள் வரிசையாகப் போவார்கள்.

ஆறே அணிகள், அதுவும் ஆசிய அணிகள் மட்டும். நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், ஆஸ்திரேலியா இல்லாத போட்டியை இவ்வளவு கொண்டாட வேண்டுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

உலகத் தரத்தில் வைத்துப் பார்த்தால் இது நடுத்தரப் போட்டிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த நான்கு அணிகளில் ஒன்று இருந்திருந்தாலும் 1-3ல் இருந்து திரும்பி வருவது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். ஆனால் நான் கொண்டாடியது கோப்பையை மட்டும் இல்லை. ஒரு விளையாட்டை நேரில் பார்க்காத ஊரில் அது வளராது. 2023-ல் கேலரியில் உட்கார்ந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஹர்மன்பிரீத் ஃபிளிக் போடுவது முப்பது மீட்டர் தூரத்தில் தெரிந்தது. இரண்டே வருஷத்தில், 2025 கடைசியில், 24 அணிகள் ஆடிய ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, நீங்கள் சொன்ன ஐரோப்பிய அணிகள் எல்லாம் வந்தன, ஜெர்மனி ஜெயித்தது, நமக்கு வெண்கலம். முன்னது இல்லாமல் பின்னது வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பாகிஸ்தான் அணி இப்படித் தேய்ந்துபோனதே, உங்களுக்கு வருத்தம் இல்லையா? (வேலூர் வாசகர்)

நிறைய இருக்கிறது. நான்கு உலகக் கோப்பை, மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணி. சென்னையில் நம்மிடம் 0-4 என்று தோற்று அரையிறுதிக்கே வராமல் ஐந்தாவது இடத்தோடு போனது. நல்ல எதிராளி இல்லாமல் போவது நமக்கும் நஷ்டம்தான்.

என் மகனுக்குப் பதினொரு வயது. ஹாக்கி ஆட வேண்டும் என்று பிடிவாதம். ஆனால் அவன் இடதுகைக்காரன். ஒரு கடையில் இடதுகை ஸ்டிக் ஸ்பெஷலாக வரவழைத்துத் தருவதாகச் சொல்லி அதிக விலை கேட்கிறார்கள். வாங்கலாமா? (சேலம் வாசகி)

வாங்காதீர்கள் அம்மா! ஹாக்கியில் எல்லா ஸ்டிக்கும் ஒரே வகைதான், இடதுகைக்குத் தனியாக ஆட்டத்தில் அனுமதி கிடையாது. ஸ்டிக்கின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை, தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் பந்தைத் தொடலாம், உருண்டைப் பக்கம் பட்டால் ஃபவுல். உங்கள் மகனுக்கு இதில் கஷ்டம் எதுவும் இல்லை. ஸ்டிக்கின் மேல் முனையைப் பிடித்துத் திருப்புவது இடது கைதான், வலது கை கீழே தாங்கிப் பிடிக்கும். பந்தோடு ஓடும்போது பாதி வேலை இடது மணிக்கட்டுக்கு. கொஞ்ச நாளில் பழகிவிடுவான்.

ஸ்டிக்கை அவன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இடுப்பு எலும்பு அளவுக்கு வர வேண்டும், கனம் குறைவாக இருக்கட்டும். அந்தப் பணத்தில் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற ஷின் கார்டும் பல்லுக்கு மவுத் கார்டும் வாங்குங்கள். இரண்டும் இல்லாமல் மைதானத்தில் இறக்காதீர்கள், பந்து கல் மாதிரி இருக்கும். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் பயிற்சி எங்கே நடக்கிறது, விடுதித் தேர்வு எப்போது என்று கேளுங்கள்.

அடுத்த முறை எழும்பூரில் சர்வதேசப் போட்டி வந்தால் குடும்பத்தோடு போகலாம் என்று இருக்கிறோம். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்? (காஞ்சிபுரம் வாசகர்)

முதல்முறை என்றால் நடுக் கோட்டுக்கு நேராக, கொஞ்சம் மேல் வரிசையில் உட்காருங்கள். பந்து இல்லாத ஆட்டக்காரர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்பது மேலே இருந்தால்தான் தெரியும், ஹாக்கியில் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஆட்டம் தொடங்க அரைமணி நேரம் முன்னால் போய்விடுங்கள், பெனால்டி கார்னர் பயிற்சி எடுப்பார்கள், பிள்ளைகளுக்கு அதுவே தனி வேடிக்கை.

கடைசிக் கால் பகுதிக்கு மட்டும், இடம் கிடைத்தால், நம் அணி தாக்குகிற பக்கம் கோலுக்குப் பின்னால் போய்விடுங்கள். பந்து உள்ளே போய் அந்தப் பலகையில் மோதும்போது டமார் என்று ஒரு சத்தம் வரும். டிவியில் அது பாதிகூடக் கேட்காது.